ஹியூம் துரையும் இந்திய விவசாய இலாகாவும்

ஹியூம் துரையின் பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவது இந்திய தேசீய காங்கிரஸ் மகாசபை ஒன்றே. 1885-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 28-ஆம் தேதி பம்பாயில் 72 பிரதிநிதிகள் கூடிய அம்மகாசபைக்கு மூலபுருஷர் அவர் என்பது சரித்திர பாடத்தில் ஒரு வினாவுக்கு விடை. அவ்விடையோடு அவருடைய சரிதமும் நம்மிற் பலர்க்கு முடிந்துவிடுகிறது. ஆயின் அச்சபை கூடுவதற்குப் பதினான்கு வருஷங்களுக்கு முன்னரே, இந்தியா முழுமைக்கும் பொதுவாக முதன்முதல் ஏற்பட்ட விவசாய இலாகாவின் காரியதரிசியாக அவர் அமர்ந்தார் என்பதையும், எட்டு வருஷங்கள் கழிந்தபின் அந்த இலாகாவும் கலைக்கப்பட்டு அவரும் அதனின்று அகற்றப்பட்டார் என்பதையும் அறிந்தவர் சிலரே. ஏர்பிடித்துப் பிழைத்தறியாத ஒருவர் உழவர் நிறைந்த ஒரு நாட்டின் விவசாய இலாகாவுக்கு எவ்வாறு தலைவரானார், அதற்கு முன் அவர் கற்றவையும் செய்தவையும் யாவை, அவை அவர்க்கு எவ்வளவு தூரம் துணைசெய்தன என்பவற்றையே நாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். காங்கிரஸைப் பற்றி வேறு பலர் விரிவாக எழுதியிருக்கின்றனர்.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829-ஆம் வருஷம் ஜூன் மாதம் பிறந்தார். தந்தையார் ஜோஸப் ஹியூம், ஸ்காட்லாந்து தேசத்து மாண்ட்ரோஸ் நகரத்தவர். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியராக இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டு மொழிகளைக் கற்று, மகாராஷ்டிர யுத்தத்தில் துபாஷியாகவும் உழைத்துப் பொருளீட்டித் தம் நாடு திரும்பியவர். பின்னர்ப் பார்லிமெண்டில் அங்கம் பெற்றுப் பல்லாண்டு இருந்து, அரசாங்கம் செலவிடும் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டு மந்திரிமாரை ஓயாது அலைக்கழித்தவர் என்று பெயரெடுத்தார். அதிகாரத்துக்கு அஞ்சாமையும் கணக்கில் கண்ணாயிருத்தலும் மகனுக்குத் தாயபாகமாகக் கிடைத்தன. அதிகாரிகளோடு இணங்கிப் போகாமையும் கூடவே கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

இளைஞர் ஹியூம் முதலிற் கற்றது வைத்தியமே. இலண்டன் யூனிவர்ஸிடி காலேஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியமும் ரணசிகிச்சையும் பயின்றார். அதன்பின் கம்பெனியின் சிவில் உத்தியோகஸ்தரைத் தயார் செய்த ஹெயிலிபரி கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியில் பொருள் நூலும், சட்டமும், கீழ்நாட்டு மொழிகளும் போதிக்கப்பட்டன. நாற்று எப்படி நடுவது, எரு எங்ஙனம் இடுவது என்று சொல்லித்தருவார் அங்கு ஒருவருமிலர். இந்தியாவை ஆளப் போகிறவன் வாங்கப்போகும் வரியில் மிகப் பெரும் பகுதி நிலத்திலிருந்தே வரும் என்பது தெரிந்திருந்தும், அந்நிலத்தின் தொழிலை அவனுக்குக் கற்பிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அக்காலத்து நிலைமை அது.

1849-இல் இந்தியாவுக்குக் கப்பலேறிய ஹியூம், வங்காள சிவில் சர்வீஸைச் சேர்ந்தவராய், வடமேற்கு மாகாணத்து எட்டாவா ஜில்லாவில் வேலை பார்த்தார். நிலவரியும் வழக்கும் போலீஸும் ஒருங்கே கவனிக்கும் ஜில்லா உத்தியோகம் எத்தகையது என்பதை நம் தாலுகா, ஜில்லாக் கச்சேரிகளை அறிந்தவர்க்கு விரிக்க வேண்டுவதில்லை. ஆனால் ஹியூம் வரிவசூலோடு நிற்கவில்லை. ஊரார் கூட்டங்களைக் கூட்டி, அவர்களுடைய சம்மதத்தைப் பெற்று, ஒரு சிறு வரியின் உதவியால் இலவசப் பள்ளிகளை ஏற்படுத்தினார். 1857-ஆம் வருஷத் தொடக்கத்தில் அந்த ஜில்லாவில் 181 பள்ளிகளில் 5,186 பிள்ளைகள் படித்தனர். அவர்களுள் பெண்கள் இருவரே. அவ்விருவரையும் விடாமல் எண்ணிக் குறித்திருப்பது நமக்கு ஒரு மகிழ்ச்சி. கள், சாராயத்தால் வரும் வருமானத்தைப் பாவத்தின் கூலி என்று எழுதி மேலதிகாரிகளின் முகச்சுளிப்புக்கும் ஆளானார்.

அவ்வருஷத்திலேயே சிப்பாய்க் கலகம் மூண்டது. எட்டாவா அதனின்று தப்பவில்லை. ஹியூம் ஆக்ரா கோட்டையிற் புகலடைந்து ஏறக்குறைய ஆறு மாதம் தங்க வேண்டியதாயிற்று. அங்கே வாந்திபேதியும் அவரைப் பற்றியது. எனினும் ஜில்லாவின் இந்திய உத்தியோகஸ்தரிற் பெரும்பாலோர் அவரைக் கைவிடவில்லை. 1858 ஜனவரியில் அவர் எட்டாவாவுக்குத் திரும்பி, இந்தியரைக் கொண்டே ஒரு படை திரட்டினார். கலகத்துக்குக் காரணம் குடிகளின் நன்றியின்மை என்று ஆங்கிலேயரிற் பலர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஆள்வோரின் அறியாமையே காரணம் என்று கருதியவர் அவர். குடியானவன் வாய் திறவாதிருப்பதால் அவனுக்குக் குறையில்லை என்று எண்ணலாகாது என்ற பாடத்தை அவர் கற்றது எட்டாவாவிலேதான். அவருடைய பிற்கால எழுத்துக்கள் அனைத்திலும் இப்பாடத்தின் நிழலைக் காண்கிறோம்.

1867-இல் அவர் உள்நாட்டுச் சுங்க இலாகாவின் கமிஷனராக உயர்த்தப்பட்டார். இப்பகுதியை அவருடைய அன்பர் சிலர் விரைந்து கடந்துவிடுவதுண்டு. நாம் அங்ஙனம் செய்யமாட்டோம். உப்பு வரியைத் தப்பி ஒரு மூட்டை உப்பேனும் பிரிட்டிஷ் எல்லைக்குள் புகாதபடி தடுப்பதற்கு, சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதிப் பக்கம் வரையில் சுமார் 2,300 மைல் நீளத்துக்கு ஒரு சுங்கவெல்லை அந்நாளில் இருந்தது. ஏறக்குறைய 12,000 பேர் அதனைக் காவல் செய்தனர். அந்த எல்லையிற் பெரும்பகுதி உயிர்வேலி. கருவேலும் இலந்தையும் களாவும் சப்பாத்தியுமாக நட்டு, மனிதனோ மாடோ நுழையாதபடி அடர்த்தியாக வளர்க்கப்பட்டது. வேலி அவருக்கு முன்னரே தொடங்கியிருந்தாலும், எந்த மண்ணில் எந்த முட்செடி பிழைக்கும், மழையில்லாத இடத்தில் எதை நடலாம் என்றெல்லாம் ஆராய்ந்து அதைச் செழிப்பித்தவர் ஹியூமே. பிற்காலத்தில் இந்திய விவசாயத்துக்குத் தலைமை தாங்கியவர், சர்க்கார் உத்தியோகத்தில் முதன்முதல் பெரிய அளவில் வளர்த்த பயிர் ஏழையின் உப்பை மறிக்கும் முள்வேலி! உப்பேரிகளைப் பற்றி ராஜபுதனத்து மன்னரோடு உடன்படிக்கை பேசி, அவ்வேலிக்கு அவசியமே இல்லாமற் செய்யும் வழிக்கு அடிகோலியவர்களிலும் அவர் ஒருவர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். 1879-இல் அச்சுங்கவெல்லை எடுபட்டது.

இனி இலாகா பிறந்த வரலாற்றைக் கூறுவோம். 1869-இல் வைஸ்ராயாக வந்த மேயோ பிரபு அயர்லாந்து தேசத்தவர். தம் நிலத்தில் தாமே பயிர்செய்து, விளைந்ததை விற்று, அதன் லாப நஷ்டங்களைத் தாமே அனுபவித்தறிந்தவர். இந்தியாவை ஆள வந்தோருள் இத்தகைய அனுபவமுடையவர் மிக அரியர். அக்காலத்தில் மான்செஸ்டர் நகரத்து நெசவாலை முதலாளிகள், தங்களுக்கு நல்ல பஞ்சு வேண்டும் என்றும், அதற்காக இந்தியாவில் ஒரு தனி இலாகா வேண்டும் என்றும் வற்புறுத்திக்கொண்டிருந்தனர். பஞ்சுக்கு மட்டும் ஓர் இலாகா ஏன், நாட்டின் விவசாயம் முழுமைக்கும் ஒன்று ஏற்படட்டும் என்று மேயோ கருதினார். உழவுத் தொழிலை அறிந்த ஒருவர் தலைமையில், மாகாணந்தோறும் சென்று பார்த்து, மண்ணையும் எருவையும் விதையையும் கால்நடையையும் கவனிக்கும் இலாகாவாக அது இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

இலண்டனில் இருந்த இந்தியா மந்திரியின் காரியாலயம் இதற்கு முழுமனதோடு இணங்கவில்லை. விவசாய இலாகா என்றால் அது நிலவரியையும் பார்க்கவேண்டும் என்றனர். ஆகவே 1871-இல் பிறந்த இலாகாவின் பெயர் ரெவினியூ, விவசாய, வர்த்தக இலாகா என்றாயிற்று. பெயர் வரிசையிலேயே ரெவினியூ முன்னே நிற்பதை நம் நண்பர் கவனிக்க. நிலவரி, நில அளவை, பஞ்சு, நார், பட்டு, தேயிலை, வானிலை என்று பலவும் அதன் தலையில் ஏற்றப்பட்டன. வயலைச் சுற்றிப் பார்க்கும் அதிகாரியாக மேயோ எண்ணியிருந்தவர், மேஜையின்முன் அமர்ந்து கடிதங்களுக்கு விடையெழுதும் காரியதரிசியானார். அவ்விடத்துக்கு ஹியூமை மேயோ தெரிந்தெடுத்தார். ஜில்லா அநுபவம், கணக்குத் திறமை, உயிர்நூற் பயிற்சி, சலியாத உழைப்பு ஆகிய நான்கும் ஒருவரிடத்திற் சேர்ந்திருப்பது அருமையாதலால் அத்தெரிவு தவறன்று. ஆனால் 1872 பிப்ரவரியில் மேயோ பிரபு அந்தமான் தீவில் போர்ட் பிளேரில் கொலையுண்டார். விவசாயத்தைத் தொழிலாக அறிந்த ஒரே துணையை இலாகா தன் குழந்தைப் பருவத்திலேயே இழந்தது.

பின்வந்த வருஷங்களில் இலாகா செய்தது என்ன என்று கேட்டால், மிகப் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. 1875-இல் வானிலை இலாகா ஏற்பட்டது ஒரு நல்ல காரியம். புள்ளிவிவரங்கள் சேர்க்கப்பட்டன. விவசாயத்துக்கென்று பணம் கேட்டபோதெல்லாம் பணமில்லை என்ற விடையே வந்தது. அதற்கிடையில் 1876 முதல் 1878 வரையில் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லி நடுங்கிய பெரும் பஞ்சம் தோன்றிச் சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பம்பாயின் தெற்குப் பகுதியையும் பாழாக்கிற்று. மாண்டவர் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர். தென்னாட்டில் அப்பஞ்சத்திற் பெற்றோரை இழந்து மிஷன் அநாதைச் சாலைகளில் வளர்ந்தோர் எத்தனையோ பேர். அவர் சந்ததியாரும் இம்மலரை வாசித்தல் கூடும்.

பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டில், அதாவது 1879-இல், இந்திய அரசாங்கம் செய்த காரியங்களுள் ஒன்று விவசாய இலாகாவைக் கலைத்தது! ஆப்கானிஸ்தானத்து யுத்தத்தால் பொக்கிஷம் வற்றியிருந்தது. சிக்கனம் வேண்டும் என்பதே சொல்லப்பட்ட முகாந்தரம். இலாகாவின் வேலைகள் வேறு இலாகாக்களுக்குப் பகிரப்பட்டன. ஹியூம் அலகாபாத்துக்கு ரெவினியூ போர்டு உத்தியோகத்துக்கு அனுப்பப்பட்டார். லிட்டன் பிரபுவின் அரசாங்கத்தாரிடம் அவர் தம் மனத்திற் பட்டதை ஒளியாது சொல்லிவந்ததற்கு இது தண்டனை என்று அக்காலத்துப் பத்திரிகைகள் வெளிப்படையாகவே எழுதின. அவர் குற்றமென்ன என்று அரசாங்கம் கூறவேயில்லை. பொது நன்மையை முன்னிட்டு அங்ஙனம் செய்ததாகச் சொல்லி அமைந்துவிட்டது.

அவ்வருஷத்திலேயே ஹியூம் இந்திய விவசாயச் சீர்திருத்தம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவருடைய உத்தியோக வாழ்வின் சாரம் முழுவதும் அதனுள் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து. இந்தியக் குடியானவன் ஒன்றும் அறியாதவன் என்று அவர் எழுதவில்லை. வடநாட்டுக் கோதுமை வயல்களில் மைல் கணக்காக நடந்தாலும் ஒரு களை காணக் கிடைப்பதில்லை என்று வியக்கிறார். விதைக்கும் பருவத்தையும் மண்ணின் குணத்தையும் அவன் பரம்பரையாக அறிந்தவன். அவனிடம் இல்லாதது எருவும், ஆழ உழுவதற்கு வேண்டிய வசதியும், கடனில்லாத வாழ்வுமே என்கிறார். சரியாக எருவிட்டு உழுதால் விளைவு நூற்றுக்கு 30, 50, ஏன், 70 வரையிலும் மிகும் என்பது அவர் கணக்கு. இக்கணக்கில் ஆசை சற்று மிகுதி என்று சொல்வதில் நமக்குத் தடையில்லை. சோதனை வயல்கள் போதிய அளவில் இல்லாத காலத்தில் நூற்றுவீதம் கூறுவது எளிது.

ஆயின் அவர் காட்டிய வழியில் ஆசைமிகுதி இல்லை. உழவன் மாட்டுச் சாணத்தை வறட்டியாகத் தட்டி அடுப்பிலிடுகிறான். நிலத்துக்குச் சேரவேண்டிய உரம் புகையாய்ப் போகிறது. அவன் சோம்பலால் அவ்வாறு செய்யவில்லை, எரிப்பதற்கு விறகில்லை. ஆதலின் ஊர்தோறும் விறகுத் தோப்புக்களை வைத்தால் சாணம் தானே வயலுக்குத் திரும்பும். எருவைப் பற்றிய வினாவுக்கு விடை மரத்தில் இருக்கிறது என்பதைக் கண்டறிய, அடுக்களை முதல் வயல் வரையில் கூடவே நடந்து பார்த்த கண் வேண்டும். ஜில்லாவில் கழிந்த ஏறக்குறைய பதினெட்டு வருஷங்கள் அக்கண்ணை அவர்க்கு அளித்தன.

கடனைப் பற்றியும் அவர் தெளிவாக எழுதினார். நிலத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கும் வழக்கத்தைப் பெருக்கியதும், லேவாதேவிக்காரன் கையில் டிக்ரியைக் கொடுத்து உழவனை வெளியேற்றியதும் நம் சிவில் கோர்ட்டுகளே என்று கூறி, யோக்கியதையுள்ள இந்தியரைத் தெரிந்தெடுத்து ஊர் ஊராக அனுப்பி, ஊர்ப் பெரியோர் துணையோடு கடன் வழக்குகளைத் தீர்க்கவேண்டும் என்றார். நிலவரி வசூலின் விட்டுக்கொடாத கடுமையையும் கண்டித்தார். இதனைச் சொல்பவர் அந்த வரியை நிர்வகிக்கும் இலாகாவின் காரியதரிசியாயிருந்தவர் என்பதை நினைத்தால், அவர் ஏன் நெடுநாள் அவ்விடத்தில் நிலைக்கவில்லை என்பது விளங்கும். வரி வாங்கும் கையும் உழவனைத் தாங்கும் கையும் ஒருடலில் இருந்தபோது முதற்கையே வலுத்தது.

பஞ்சத்தை விசாரித்த கமிஷன் 1880-இல், விவசாய இலாகாவை மீண்டும் அமைக்கவேண்டும் என்று சொல்லிற்று. மறுவருஷம் ரிப்பன் பிரபுவின் காலத்தில் இலாகா திரும்பவும் பிறந்தது. அதன் காரியதரிசியாக அமர்ந்தவர் ஸர் எட்வர்ட் பக். அவரும் சிவில் உத்தியோகஸ்தரே. எனினும் வடமேற்கு மாகாணத்தில் விவசாயக் காரியங்களை முன்னரே பார்த்தவர். ஹியூமை ஒருவரும் அழைக்கவில்லை. 1889-இல் இங்கிலாந்திலிருந்து வோல்க்கர் என்னும் விவசாய ரசாயன நிபுணர் வரவழைக்கப்பட்டார். அவர் நாடெங்கும் சுற்றி 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்திய உழவனுக்குக் கற்பிப்பதினும் அவனிடமிருந்து கற்கவேண்டியது பல என்னும் கருத்தையும், விறகுக் காடுகள் வளர்த்துச் சாணத்தை நிலத்துக்கு மீட்கவேண்டும் என்னும் யோசனையையும் காண்கிறோம். வைத்தியம் படித்த கலெக்டர் சொன்னதை, பதினான்கு வருஷங் கழித்து ரசாயனம் படித்த நிபுணர் உறுதி செய்தார்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. சுதந்திரத்துக்குப் பின்னும் விவசாய மந்திரிகளாயிருந்த இராஜேந்திர பிரசாத், முன்ஷி, நம் நாட்டு ஸி. சுப்பிரமணியம் போன்றோர் வக்கீல் தொழிலிலிருந்து வந்தவர்களே. அவர்களுக்குக் கீழிருந்து இலாகாவை நடத்தும் காரியதரிசிப் பதவி வழக்கமாக நிர்வாக உத்தியோகஸ்தர்க்கே உரியது. கும்பகோணத்திற் பிறந்த பயிர்நூல் வல்லுநராகிய எம். எஸ். சுவாமிநாதன் விவசாய அமைச்சின் முதன்மைக் காரியதரிசியாக நியமிக்கப்பட்ட வருஷம் 1979. ஹியூம் அகற்றப்பட்டு அன்றைக்குச் சரியாக நூறு வருஷம்.

ஹியூமின் பறவை ஆராய்ச்சியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். உத்தியோக நேரம் போக மிஞ்சிய காலையிலும் மாலையிலும் அவர் செய்த அவ்வேலை, வேறொருவர்க்கு முழு வாழ்நாளுக்கும் போதும். 1872-இல் பறவைகளைப் பற்றி ஒரு சஞ்சிகையைத் தொடங்கி நடத்தினார். சிம்லாவில் ஜாக்கோ மலையிலிருந்த தம் மாளிகையிலேயே பொருட்காட்சிச் சாலை அமைத்தார். அவர் சிம்லாவில் இல்லாத குளிர்காலம் ஒன்றில், பல்லாண்டு எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை வேலையாள் ஒருவன் கடைத்தெருவிற் பழங்காகிதமாக விற்றுவிட்டான். அதோடு அப்பெரு நூலை எழுதும் எண்ணம் அவரை விட்டகன்றது. 1885-இல் 82,000 அளவிலான பறவைத் தோல்களையும் முட்டைகளையும் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார். எண்ணி, பெயரிட்டு, வகைப்படுத்தி வைக்கும் அப்பழக்கம் விவசாய இலாகாவில் புள்ளிவிவரம் சேர்ப்பதற்கு உதவியது. கொடாத பணத்தைக் கொடுக்கச் செய்ய அஃது உதவவில்லை.

1882-இல் உத்தியோகத்தினின்று விலகினார். 1883 மார்ச்சு மாதம் முதல் தேதி கல்கத்தாச் சர்வகலாசாலைப் பட்டதாரிகளுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதம் கல்லூரி மாணவர் யாவரும் அறியத்தக்கது. தன்னலம் துறந்த ஐம்பது பேர் முன்வந்தாற் போதும், நாட்டுக்கு வேண்டிய சபையை நிறுவிவிடலாம் என்றும், படித்தவர்களே முன்வராவிடில் அயலார்மீது குறைகூறுவதிற் பயனில்லை என்றும் அதில் இடித்துரைத்தார். அதன்பின் நடந்தவை யாவரும் அறிந்தவை. முதற் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சென்னை ஜி. சுப்பிரமணிய ஐயர். 1887-இல் மூன்றாம் காங்கிரஸ் சென்னையிற் கூடியபொழுது, அதன் நோக்கங்களைப் பாமரரும் அறியுமாறு, ஹிந்து பத்திரிகையை நிறுவினோருள் ஒருவராகிய வீரராகவாச்சாரியார் எழுதிய தமிழ் வினாவிடை மக்களிடையே பரப்பப்பட்டது. படித்தவர் கூடிப் பேசுவதோடு நிற்காமல் செய்தி உழவன் காதுக்கும் எட்டவேண்டும் என்பது ஹியூமின் ஓயாத விருப்பம்.

அவ்விருப்பமே அவரைக் காங்கிரஸ் தலைவர்களிடமிருந்தும் பிரித்தது எனலாம். குடியானவரின் வறுமை தீராவிடில் கிராமங்களிலிருந்து ஒரு பெருங்கலகம் கிளம்பும் என்று 1892-இல் அவர் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். அரசாங்கத்தார் சினந்தனர், காங்கிரஸ் நண்பர்களோ அஞ்சினர். எட்டாவாவிற் கலகத்தைக் கண்ணாற் கண்ட ஒருவர் சொல்வது இது என்பதை இரு திறத்தாரும் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. அவருடைய மனைவியார் 1890-இலேயே காலமாகியிருந்தனர். 1894-இல் ஹியூம் இந்தியாவை விட்டுச் சென்றார்.

இலண்டனின் தென்புறத்தில் அப்பர் நார்வுட் என்னுமிடத்தில் குடியமர்ந்தபின், பறவைகளை விட்டுச் செடிகொடிகளைப் பற்றினார். துப்பாக்கியால் உயிர்களைச் சேகரிப்பதை அவர் முன்னமே வெறுத்து நிறுத்தியிருந்தார். 1910-இல், எண்பதாம் வயதைக் கடந்த நிலையில், பாடசாலை வசதியில்லாத சாதாரண ஜனங்களும் வந்து தாவர நூல் கற்கும்படி, தம் சொந்தப் பணத்தைக் கொண்டு தென் இலண்டன் தாவரவியற் கழகத்தை நிறுவினார். 1912-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி உயிர் நீத்தார். மறுவருஷம் அவருடைய நண்பர் ஸர் வில்லியம் வெட்டர்பர்ன் அவர் சரிதத்தை நூலாக வெளியிட்டார். நார்வுட் சாலையிலுள்ள அக்கழகமும், அதன் பின்புறத்துச் சிறு தோட்டமும், அவர் உலர்த்தி ஒட்டிவைத்த செடிகளும் இன்றும் இருக்கின்றன.